மரியாதையான அறிவிப்பு

இணைய நிறுவனத்தின் பில் மென்பொருளை மலேசியத் தமிழர்களுக்காக மாற்றும் வேலை கோவையில் இருந்த கிரேஸ்லினுக்கு வந்தது. தொகைகளை ரிங்கிட்டுக்கு மாற்றுவது சுலபமாக முடிந்தது. ‘கட்டணம் செலுத்தாவிட்டால் வெள்ளிக்கிழமை இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற வரியில்தான் தயங்கினாள். வயதானவர்களிடம் இப்படியா பேசுவது என்று நினைத்து, ‘தங்கள் இணைப்பு சற்று ஓய்வெடுக்கவிருக்கிறது. வசதிப்படும்போது எங்களை நினைவில் கொள்ளுங்கள்’ என்று எழுதினாள். மேலாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

சில மாதங்கள் கழித்து, மலேசியாவின் கிள்ளானிலிருந்து மாணிக்கவேலு என்ற பெரியவர் அழைத்தார். தமிழில் வந்த புகார் என்பதால் அழைப்பை அவளுக்கே மாற்றிவிட்டார்கள்.

அவருடைய மகள் செவ்வாய் கிரகத்துக்குப் போகும் கப்பலில் இருந்தாள். கப்பல் இன்னும் விலகிப் போனால் உடனுக்குடன் பேச முடியாது. ஒரு கேள்விக்குப் பதில் வரவே நெடுநேரம் ஆகும். உடனுக்குடன் பேச அவளுக்குக் கிடைத்த கடைசி நாளில் இவர் வீட்டில் இணைப்பு இல்லை.

“லைன கட் பண்ணப் போறாங்கன்னு தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கட்டியிருப்பேன். நான் அத ஏதோ வாழ்த்துன்னு நெனச்சுட்டேன்.”



“அதை எழுதினது நான்தான், ஐயா,” என்றாள்.



“நீங்கதானா? ரொம்ப அழகா எழுதியிருந்தீங்கம்மா,” என்றார் அவர். “மக கூப்பிட்டா படிச்சுக் காட்டணும்னு எடுத்து வச்சிருந்தேன்.”