பூஜ்யம் வாங்கிய கப்பல்

"இன்னைக்கு நீ ஆட வேண்டாம்" என்றான் அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்க்காமலே.

ஹெட்போனை மாட்டப்போன தங்கையின் கை பாதியில் நின்றது. "ஏன்ணா?"

"போன வார ஸ்கோரைப் பாரு. மாப்பிள்ளை எட்டுக் கப்பலை உடைச்சிருக்காரு. நான் ஆறு. நீ? முட்டை! அதுக்கு முந்தின வாரமும் முட்டை. எங்க பின்னாடியே வாலைப் பிடிச்சுக்கிட்டு வர்ற. ஒரு ஏவுகணையாவது விட்டிருக்கியா?"

விண்வெளிக் கப்பற்படை விளையாட்டு. ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன், மாடி வீட்டுத் தங்கை, அவள் கணவன் மூவரும் ஹாலில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். முகம் தெரியாத யார் யாரோடோ இணையத்தில் மோதல். இன்று ஜெயித்தால் மேல் பிரிவு.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். ஏவுகணை விடறதுல சூறாவளி" என்று போன வாரம் வாய் தவறிச் சொன்னவர் மாப்பிள்ளைதான். இப்போது மச்சானைப் பார்த்தாலும் வம்பு, மனைவியைப் பார்த்தாலும் வம்பு என்று சார்ஜர் ஒயரை நோண்டிக்கொண்டிருந்தார்.

தங்கை எழுந்துபோய் அண்ணியோடு துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். கண் மட்டும் திரையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்தே அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். லிஃப்ட் பராமரிப்பு வேலை. அவன் பார்க்கிற கட்டடங்களில் இந்த வருஷம் ஒரு லிஃப்ட்கூட நடுவில் நின்றதில்லை. ஆனால் பதவி உயர்வு கிடைத்தது, நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை மீட்டுக் கைதட்டல் வாங்கியவனுக்கு. "நீ பெருசா என்னப்பா பண்ணினே?" என்று மேனேஜர் இவனைக் கேட்டாராம். இன்று காலையில்கூட அதே புலம்பல். ஏதோ பேச வந்த தங்கை, "அந்த ஆளுக்குக் கண்ணே இல்லைண்ணா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

தங்கையின் இடத்தில் அந்த ஆபீஸ் சூறாவளியைச் சேர்த்துக்கொண்டு ஆட்டம் ஆரம்பித்தது.

"தூள் கிளப்பிடலாம் சார்!" என்று ஹெட்போனில் கத்திய சூறாவளி, இருந்த ஏவுகணைகளை எல்லாம் எடுத்த எடுப்பிலேயே விட்டுத் தீர்த்தான். எதிரணி நிதானமாக நெருங்கி வந்து, தன் ஏவுகணைகளை மொத்தமாக அவிழ்த்துவிட்டது.

அண்ணன் கப்பல் காலி. மாப்பிள்ளை கப்பல் காலி. சூறாவளி இருந்த இடம் தெரியவில்லை. ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அநியாயம்!" அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வீசினான். "ஏவுகணைக்கு இவ்வளவு வலு கொடுத்தா பீரங்கி வச்சிருக்கறவன் எப்படி ஆடறது? கம்பெனிக்கு எழுதறேன், பாதியா குறைக்கச் சொல்லி."

அண்ணிக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது. "புதுசா வலுவை ஏத்திட்டாங்களா?" என்றாள்.

"இல்ல, அதே பழைய ஏவுகணைதான்."

"அப்போ போன வாரம் வரைக்கும் ஏன் அது உங்களைத் தொடல?"

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தான்.

மாப்பிள்ளை சத்தமில்லாமல் போன வார ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டார். அண்ணனும் அவரும் முன்னால் பாய்ந்து சுட்டுத் தள்ளுகிறார்கள். பின்னால் ஒரு பொடிக் கப்பல். இவர்கள் மேல் வந்த ஏவுகணைகளை ஒன்று விடாமல் நடுவழியிலேயே சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தது. அண்ணன் கப்பலுக்குக் குறிவைத்து வந்ததைத்தான் முதலில்.

"தடுத்தா பாயிண்ட் கிடையாது மச்சான். உடைச்சாத்தான்" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

அண்ணன் பதிவை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டான். பிறகு தங்கையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

தங்கை மடித்த துணியை அடுக்கில் வைத்தாள்.

"காலையில சொல்லத்தான்ணா வந்தேன். நீ உன் மேனேஜரைத் திட்டிக்கிட்டிருந்தே. அதைக் கேட்டதும், உனக்குப் போய் இதையெல்லாம் எடுத்துச் சொல்லணுமான்னு பேசாம போயிட்டேன்."