225-ஆம் பக்கம்

புத்தகத்தின் கடைசிச் சொல்லான "நிம்மதி" மட்டும் வழிந்துபோய் 225-ஆம் பக்கத்தின் உச்சியில் தனியாக நின்றது.

வெர்ன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கணினித் திரையை முறைத்தார்.

அட்டையின் முதுகு 224 பக்கத் தடிமனுக்கு அளந்து செய்தது. பக்கம் கூடினால் அச்சகத்தின் இணையதளம் கோப்பை வாங்காது. அட்டை போட்ட பெண்ணோ துடுப்புப் படகில் கனடா எல்லை ஏரிகளுக்குள் போய்விட்டாள். அங்கே போனுக்குச் சிக்னல் கிடைக்காது.

இன்று நாலு மணிக்குள் அனுப்பினால்தான், ஆர்லிஸ் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகம் ஊர்த் திருவிழாவுக்கு வரும்.

"ஒரே ஒரு வரியைக் குறைச்சுக் குடு ஆர்லிஸ். எங்க வேணா குறை."

மேசைக்கு எதிர்ப்புறம் கேக் வெட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸ் கத்தியை நிமிர்த்தினார். "ஓர் எழுத்துகூடக் குறையாது. முப்பத்தோரு வருஷம் அந்த ஆளோட குப்பை கொட்டினவ நான். ஒவ்வொரு வரியும் பட்டு எழுதினது."

எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றால், வாங்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் வெள்ளெழுத்து. ஓரத்தைக் குறுக்கினால் பாதிச் சொற்கள் நடு மடிப்பில் புதைந்துவிடும்.

வெர்ன் ஊர்ப் பத்திரிகையில் நாற்பது வருடம் பக்கம் அமைத்தவர். சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரையில் அது தெரிந்த வேறு ஆள் கிடையாது. அதனால்தான் ஆர்லிஸ் அவர் வீட்டுப் படி ஏறியதே.

புத்தகத்தில் அந்த ஆள் படகைக் கவிழ்த்தான். மாமியார் சாவன்று மீன் பிடிக்கப் போனான். கல்யாண நாளை இருபத்தெட்டு முறை மறந்தான். வெர்ன் அத்தனைக்கும் பிழை திருத்திக் கொடுத்திருந்தார். "படுமுட்டாள்" என்பதில் விடுபட்டிருந்த எழுத்தைக்கூடச் சேர்த்திருந்தார்.

மூன்றரை ஆனது.

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கடைசி அத்தியாயத்தில் விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"சரி, இதைத் தூக்கு. கதைக்கு இது தேவையே இல்ல."

'அந்தப் பனிப்புயலில் மூன்று மைல் நடந்தே வந்து என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனான்.'

வெர்ன் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அது இருக்கட்டும்," என்றார்.

அவசரமாக இரண்டு பக்கம் கீழே போனார். 'அவன் சற்றே சோம்பேறி, சற்றே கஞ்சன்' என்றிருந்தது. இரண்டு 'சற்றே'யையும் அழித்தார். பத்தி ஒரு வரி சுருங்கியது. 'நிம்மதி' மேலேறி 224-இன் அடியில் போய் உட்கார்ந்தது.

ஆர்லிஸ் அதை வாய்விட்டுப் படித்தார். "அவன் சோம்பேறி, கஞ்சன். அட, இப்பதான் உண்மை மாதிரி இருக்கு!"

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. திரையில் பச்சைக் குறி விழுந்தது.

ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் புயல் வரியை ஏன் எடுக்க விடல?"

வெர்ன் கேக்கைப் பார்த்தபடி சொன்னார். "முழுப் புத்தகத்துலயும் என்னைப் பத்தி நல்லதா இருக்கிறது அது ஒண்ணுதான்."

ஆர்லிஸ் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"எண்ணிப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை."