எதற்கு இந்த நடுக்கம்?

பிரசவமான இசைவாணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய குரூப் ரத்தம் தஞ்சாவூரில் எங்குமே இருப்பில் இல்லை. கணவன் வளவனுக்கும் அதே குரூப்தான்.

"எடை சரியா இருக்கு, சாப்பிட்டும் வந்திருக்கீங்க. பச்சை குத்தினது, உடம்புல துளை போட்டது ஏதாவது உண்டா?" என்றாள் ரத்த வங்கி நர்ஸ்.

வளவனின் கை நடுங்கியது.

"என்னண்ணே, இவ்ளோ பெரிய ஆளு, ஊசிக்கா பயப்படுறீங்க?"

"இல்லைங்க... துளை போட்டிருந்தா?"

"அது வழியா கிருமி ஏறியிருந்தா, ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாது. ரத்தம் ஏத்திக்கிறவங்களுக்குப் போயிடும். அதான் ஒரு வருஷத்துக்கு எடுக்க மாட்டோம்."

வளவன் முகக்கவசத்தை இறக்கினான். இரண்டு கன்னத்திலும் தழும்பு.

"போன மாசம் மாரியம்மனுக்கு அலகு குத்திக்கிட்டேங்க."

"அப்படி என்ன வேண்டுதல்?"

"இசைவாணிக்குப் பிரசவம் நல்லபடியா ஆகணும்னு."