வாத்தியாரைத் தேடி வந்த உறவு

பாளையங்கோட்டை, 1911. மனைவி இறந்த ஏழு வருடங்களில் வேதநாயகம் வாத்தியார் வீட்டுப் படியை யாரும் மிதித்ததில்லை. அன்று எதிர்த்தெரு பாக்கியவதி கைக்குழந்தையுடன் வந்து நின்றாள்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்யா."

வாத்தியார் சந்தோஷத்தில் அகராதியை எடுத்து வந்துவிட்டார்.

"இங்கிலீஷிலே 'காஸிப்'னு ஒரு வார்த்தை உண்டு தாயி. ஆதியிலே அதுக்கு ஞானப்பெற்றோர்னுதான் அர்த்தம். தேவனுக்குள்ளே சொந்தக்காரக! பெறகு, நெருங்கின சிநேகிதர்னு ஆச்சு. பிள்ளை பெத்த வீட்டிலே அவுக கூடிப் பேசிப் பேசி, இப்ப ஊர்ப்புறணின்னு ஆயிட்டு."

பாக்கியவதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தெருவிலே அத்தனை பேர் இருக்க, என்னைத் தேடி வந்திருக்கியே!"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது நான் பெத்த பிள்ளை இல்லைய்யா, எடுத்து வளக்கேன். தாய்வீட்டிலே பெத்துட்டு வந்தேன்னுதான் தெரு நினைக்கு. சபைப் பதிவேட்டிலே பெத்தவ பேரை எழுதுவாக. ஞானத்தகப்பனுக்குத் தெரியாம இருக்காது. வெளியே தெரிஞ்சிரக் கூடாது."

"யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன் தாயி."

"தெரியும்யா. சொல்லுததுக்கு உங்களுக்கு யாரு இருக்கா?"