இன்னொருவர் துடிப்பு

ரத்த மையத்தில் கொடையாளிகளுக்குக் கைப்பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். ரத்தம் யாருக்கு ஏறியதோ, அவருடைய இதயத்துடிப்பு அதில் தட்டிக்கொண்டே இருக்கும். பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள்.

மீன் வண்டி ஓட்டும் இசக்கிமுத்து பட்டையைக் கழற்றி நர்ஸ் ரோஸ்லினிடம் நீட்டினார்.

"சார்ஜ் எறங்கிட்டு போல, சிஸ்டர். காலையிலருந்து துடிக்கல."

அந்தப் பட்டைக்குச் சார்ஜ் இறங்காது. நின்றால், அந்த இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். ரோஸ்லின் சொல்ல வாயெடுத்தாள்.

"மத்தியானமானா நம்ம ஆளு வேகமா அடிப்பான். வெயில்ல அலையுதான்னு நெனைக்கேன்" என்றார் அவர், சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் உள்ளே போனாள். பட்டையைத் தன் துடிப்போடு இணைத்துக் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

இசக்கிமுத்துவின் முகம் மாறியது.

"என்ன சிஸ்டர், இப்படிப் படபடன்னு அடிக்கி? எதுக்கோ ரொம்பப் பயப்படுதான் போல, பாவம்."