ரோஜா முடிச்சு

“எதுக்குடி உனக்கு மட்டும் எல்லாமே கோணலாத் தோணுது?”

தாமரை அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் பயிற்சித்தாளைப் பிடுங்கினாள். நாலாம் வகுப்புக் கதை. பாதி வரை படித்துவிட்டு, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து எழுத வேண்டும். பக்கத்தில் காரணமும் சொல்ல வேண்டும்.

கதை லேசானதுதான். பிள்ளைக்குப் பிறந்தநாள். அப்பா தூரத்து ஊரில் வேலை. வாசலில் ஒரு பார்சல்.

கார்த்திகா எழுதியிருந்தாள்: ‘பார்சலை அனுப்பியது அப்பா இல்லை. அம்மா.’

“மேலேயே அப்பா பேரு போட்டிருக்கு லா. கண்ணு தெரியலையா?”

“பேரை யார் வேணாலும் எழுதலாம்மா.”

“பெரிய லாயரு! மாத்து. டீச்சர் பார்த்தா வீட்டுல என்ன சொல்லிக் கொடுக்கிறீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க.”

“அழிக்கக் கூடாதும்மா. மீதிக் கதையப் படிச்சிட்டு, தப்புன்னா கீழே மாத்தி எழுதணும். அதான் ரூல்ஸ்.”

“காரணமாவது உருப்படியா எழுதியிருக்கியா?”

‘பார்சல் மேலே ரிப்பன் ரோஜாப்பூ மாதிரி கட்டியிருந்தது.’

தாமரை கதையில் மேலிருந்து கீழ்வரை தேடினாள். ரிப்பன் எங்கேயும் இல்லை.

கிள்ளானில் அவள் வேலை பார்க்கும் புடவைக் கடையில், பரிசுப் பெட்டிக்கு ரோஜா முடிச்சுப் போடுவது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது கைவரவே இல்லை.

புருஷன் ராஜேஷ்குமார் ஒரு மணி நேரத் தூரத்தில், ரவாங்கில், வேறொருத்தியோடு குடித்தனம் போட்டு மூன்று வருஷம். இந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு போன் இல்லை. ‘அப்பா சிங்கப்பூர்ல இருந்து அனுப்பியிருக்காரு பாரு’ என்று மூன்று பிறந்தநாளுக்கு மூன்று பார்சல் கொடுத்தாயிற்று.

மூன்று தடவையும் துள்ளித் துள்ளிக் குதித்தாளே!

தாமரை அந்த ரிப்பன் வரியை மறுபடி படித்தாள்.

கார்த்திகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“சரிம்மா, மாத்திடறேன்.”

மீதிக் கதையை அவள் புரட்டவே இல்லை. குனிந்து எழுதினாள்.

‘மாற்றிய ஊகம்: அப்பாதான் அனுப்பினார்.

காரணம்: பார்சலைப் பார்த்துப் பிள்ளை குதித்தால்தான் அம்மா சிரிப்பாங்க.’