இரைகிற பெட்டி

கடைக்காரர் ரஃபீக் இரண்டு கணினிகளையும் மேசைமேல் ஓடவிட்டார். ஒன்றில் இந்த வருடத்துப் புது பிராசஸர். மற்றதில் ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட, பத்து வருடப் பழைய சர்வர் பிராசஸர். தேவசகாயம் குனிந்து புதுப் பெட்டியில் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை.

"அதான் சார் இதோட அழகு. அந்தக் கிழவனைப் பாருங்க, மிக்ஸி மாதிரி இரையுது. கரண்டையும் குடிக்கும். உங்களுக்கு என்ன வேலை?"

"லெட்டர் டைப் பண்ணணும்."

"லெட்டருக்கா சர்வர்?" ரஃபீக் சிரித்தார்.

தேவசகாயம் பழையதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "ராத்திரி பகலா ஓடுமா? அணைக்காம?"

"அதுக்குன்னே செஞ்சது சார்."

அதையே வாங்கினார். வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில், மனைவி ரோஸ்லினுக்காக இரண்டு வருடம் இடைவிடாமல் இரைந்து ஓடிய ஆக்சிஜன் இயந்திரத்தின் சக்கரத் தடங்கள் தரையில் அப்படியே இருந்தன. அவள் போனபின் அதைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. தடங்களின் மேல் பெட்டியை வைத்து இயக்கினார். திரையை இணைக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில், பக்கத்தில் இடம் விட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.